ராமநாதபுரம் கடற்கரையில் கட்டடம் பார்க்க ஒரு நாள்: கீழக்கரையா, பாம்பனா, அரண்மனையா?

சென்னை கண்ணகி நகர் சுவரோவியங்களையும் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களையும் படமெடுத்துப் பழகியவர்கள் ராமநாதபுரம் பக்கம் வரத் திட்டம் போடும்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அங்கே அந்த மாதிரி ஏரியா எது?" அப்படி ஓவியர்களை வரவழைத்துத் தெரு முழுக்க வண்ணம் அடித்த பகுதி எதுவும் இங்கே கிடையாது. ஆனால் முந்நூறு வருடத்துக் கல்தூண், நூறு வருடத்து இரும்புப் பாலம், பவளப்பாறைக் கல்லில் கட்டிப் புயலில் இடிந்த தேவாலயம் எல்லாம் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கையில் ஒரு நாள்தான் என்றால் எதற்கு அந்த நாளைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் 55, அப்புறம் தனுஷ்கோடி முனைக்கு இன்னும் இருபது. வெளிச்சம் நன்றாக இருக்கிற நேரமெல்லாம் வண்டிக்குள்ளேயே போய்விடும். இறங்கும் இடத்தில் எல்லாம் உச்சி வெயில்தான் மிஞ்சும்.

நான் இடங்களை எடைபோடும்போது இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கட்டடத்தோடு எவ்வளவு நேரம் நிதானமாக இருக்க விடுவார்கள்? அங்கே இப்போது யாராவது வாழ்கிறார்களா, அல்லது பார்க்க வருகிறவர்கள் மட்டும்தானா? வெளிச்சம், தூரம், செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராமேஸ்வரத்தில் தொடங்குகிறேன், எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான் என்பதால். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம் தமிழ்நாட்டுக் கட்டடக் கலையின் உச்சங்களில் ஒன்று. 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் முடிந்த வேலை. உள்ளே நின்று பார்த்தால் தூண் வரிசை சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியில் போய் முடியும். ஆனால் அதை நீங்கள் படமெடுக்க முடியாது. கேமராவும் செல்போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை சொன்ன பிறகு இதில் பேச்சுக்கே இடமில்லை. அது சரியான தடை என்றுதான் நினைக்கிறேன். தீர்த்தமாடி ஈரத் துணியோடு நடந்து போகிறவர்களுக்கு நடுவே கேமரா தூக்குவது அழகில்லை. பிராகாரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். படத்துக்கு வெளியே கிழக்குக் கோபுரம் இருக்கிறது. 126 அடி உயரம். அக்னி தீர்த்தப் பக்கம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், காலைச் சூரியன் உங்கள் பின்னாலிருந்து நேராகக் கோபுரத்தில் விழும். அந்த அரை மணி நேரம்தான் கணக்கு. எட்டு மணிக்கு மேல் கூட்டமும் வண்டிகளும் சேர்ந்துவிடும்.

பாம்பன் வேறு வகை. இங்கே யாரும் கும்பிடுவதில்லை, தடுப்பதும் குறைவு. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய ரயில் பாலம், கடல் மேல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கையாக விரிந்து மேலே எழும், ஷெர்ஸர் என்ற வகைத் தூக்குப் பகுதி. அதை ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித்தான் தூக்கினார்கள். 1964 புயலில் பாலம் சிதைந்தபோது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே புதிய பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே படுத்தபடி செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். கட்டடக் கலை மாணவர்கள் யாராவது உடன் வந்தால் இதைவிட நல்ல பாடம் கிடையாது: ஒரே வேலைக்கு இரண்டு நூற்றாண்டுகள் கொடுத்த இரண்டு பதில்கள் ஒரே படச்சட்டத்தில் நிற்கின்றன. பழையதை அகற்றுவதென்று ரயில்வே முடிவெடுத்திருப்பதால், இரண்டையும் சேர்த்து எடுக்க ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், பழையது இன்னும் நிற்கிறதா என்றும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எல்லோரும் சாலைப் பாலத்தின் மேலிருந்தே எடுக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலிருந்து பார்த்தால் பாலம் தண்ணீர் மேல் போட்ட கோடு போலத்தான் தெரியும், அதன் எடை தெரியாது. தவிர அது இரண்டு வழிச் சாலை. வண்டியை நிறுத்தினால் பின்னால் பேருந்துகள் நிற்கும், போலீசும் விரட்டும். கீழே பாம்பன் மீனவக் குடியிருப்புப் பக்கம் இறங்கி, கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களுக்கு நடுவே நின்று பாருங்கள். தூண்கள் அலையை வாங்குவது அங்கிருந்துதான் தெரியும். தூக்குப் பகுதி எப்போது எழும் என்பதற்குக் கால அட்டவணை கிடையாது. கப்பலோ பெரிய படகோ கடக்க வேண்டியிருந்தால்தான் திறப்பார்கள். அதை மட்டும் நம்பிப் பயணம் வைக்காதீர்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்துக்கொண்டுபோன ஊர். தேவாலயச் சுவர், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மணலில் எஞ்சி நிற்கின்றன. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் பலமடங்கானது. தேவாலயச் சுவருக்கு மிக அருகில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லுக்குள் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரி இருந்த அறை. கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறையை வெட்டித்தான் சுவர் எழுப்பினார்கள், சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. பவளத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் இப்போது குற்றம். கரையில் கிடக்கிறதே என்று ஒரு துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். முழு தேவாலயத்தையும் தூரத்திலிருந்து எடுத்த படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. அந்த நட்சத்திரக் குழிகளின் படம் மிகச் சிலரிடம்தான் இருக்கும்.

ஆனாலும் தனுஷ்கோடியை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிழலே இல்லாத மணல்வெளி, பகலில் வெளிச்சம் தட்டையாக இருக்கும், காற்று மணலை லென்ஸில் அடிக்கும். நல்ல வெளிச்சம் வரும் மாலையில் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலும், நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த இடத்தில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தைப் பற்றி இரண்டே வரி. 2017இல் திறந்தது, முகப்பில் டெல்லி இந்தியா கேட்டும் குடியரசுத் தலைவர் மாளிகையும் நினைவுக்கு வரும்படி கட்டியிருக்கிறார்கள், உள்ளே படமெடுக்க முடியாது. குழந்தைகளோடு வந்தால் கட்டாயம் போங்கள், கட்டடத்துக்காக அல்ல, கலாமுக்காக.

இப்போது ராமநாதபுரம் ஊருக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம். ராமேஸ்வரம் போகிற அவசரத்தில் பெரும்பாலானவர்கள் தவறவிடும் கட்டடம் இது. கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய அரண்மனை மண்டபம். 1798இல் கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டியக் கட்டபொம்மனைச் சந்தித்ததும் இங்கேதான். வெளியே கனமான, அதிகம் பேசாத கட்டடம். உள்ளே போனால் சுவரும் விதானமும் முழுக்க ஓவியம். 1710க்குப் பிறகு ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. ராமாயணக் காட்சிகள், பாகவதக் காட்சிகள் இருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், சேதுபதி ஐரோப்பியரை வரவேற்பது, அந்தப்புர வாழ்க்கை எல்லாமும் உண்டு. பொதுச் சுவரோவியம் என்று ஒன்றைத் தேடி வருகிறவருக்கு இந்த மாவட்டம் தரக்கூடிய நேரடியான பதில் இதுதான். மன்னர் எதை நினைவில் வைக்க விரும்பினாரோ அதைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

படமெடுக்கிறவரின் கண்ணோடு பார்த்தால் இங்கே சிரமங்கள் உண்டு. உள்ளே இருட்டு, சில இடங்களில் ஓவியம் மங்கியிருக்கிறது, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் கேமராவுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும் ஃப்ளாஷ் போடவே கூடாது. முந்நூறு வருட வண்ணத்துக்கு அந்த வெளிச்சம் ஆகாது, படமும் வெளிறிப்போகும். காலையில் திறந்தவுடன் போனால் வாசல் வழியாக வரும் வெளிச்சம் தரையில் பட்டுத் தூண்கள் மேல் ஏறும். அது போதும்.

கீழக்கரைக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான், ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

கீழக்கரை பழைய துறைமுகம். முத்து, சங்கு, இலங்கை வணிகம், அப்புறம் வளைகுடா நாடுகள் என்று கடலைப் பார்த்தே வளர்ந்த ஊர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சொல்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். நடுத்தெருவில் அவர் காலத்து ஜும்மா பள்ளி இருக்கிறது, அவரது அடக்கத்தலமும் அங்கேதான். அதாவது அரண்மனையும் இந்தப் பள்ளிவாசலும் ஒரே தலைமுறையின் வேலை. காலையில் ராமலிங்க விலாசத்தின் கல்தூண்களைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தால், அதே கட்டடப் பழக்கம் இன்னொரு வழிபாட்டுக்கு எப்படித் திரும்பியிருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். கீழே பீடம், மேலே பட்டை தீட்டிய உடல், உச்சியில் உத்தரத்தைத் தாங்கப் போதிகை. கோயில் மண்டபத்தில் பார்த்த அதே அடுக்குதான். கோயிலில் யாளியோ தெய்வ உருவமோ வரும் இடத்தில் இங்கே தாமரை, கொடி, கட்டம் கட்டமான கோலம். உருவம் ஒன்றுகூடக் கிடையாது. கூரை தட்டைக் கல். கும்மட்டமும் வளைவும் உள்ள பள்ளிவாசலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். இது தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்களின் சொந்தக் கட்டடக் கலை. நம்முடைய கல்தச்சர்கள், நம்முடைய கல், தொழுகைக்கு வேண்டிய திசை. போதிகையின் மடிப்புகளில் சாய்வாக வெளிச்சம் விழும்போது உளியின் தடம் வரை தெரியும். பல கட்டடங்களில் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்பது வருத்தம்தான், ஆனால் பெயின்டுக்குக் கீழேயும் கல்லின் வடிவம் நிற்கிறது.

இங்கே போக ஒரு முறை இருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள். பெரியவர் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, தூண் வேலையைப் பார்க்கணும், படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். அனுமதி தந்தால் கைகால் கழுவும் ஹவுள் (தண்ணீர்த் தொட்டி) எது, தொழும் இடம் எது, எங்கே நிற்கக் கூடாது என்று அவரே காட்டுவார். தொழுகிறவர்கள் இருக்கும்போது எடுக்காதீர்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் வெளியே வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகவே வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே பெண்கள் வந்தால், உள்ளே எதுவரை போகலாம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தெருக்கள் இன்னொரு விருந்து. பழைய வணிகர் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குறுகிய சந்துகள். உயரமான வெள்ளைச் சுவர்கள், தேக்கு வாசற்கதவுகள், சில வீடுகளில் வண்ணக் கண்ணாடி. இந்தக் குறுகல்தான் படமெடுக்கிறவருக்கு வரம். ஒரு பக்கச் சுவரில் விழும் வெயில் எதிர்ச் சுவருக்குத் தெறித்து, சந்து முழுக்க மென்மையான வெளிச்சமாகப் பரவும். ராமேஸ்வரத்தில் பத்து மணிக்குக் கேமராவை மூடி வைக்க வேண்டியிருக்கும். இங்கே பதினொன்றரை வரைக்கும்கூட வேலை செய்யலாம். பெரிய கேமரா தேவையில்லை, நல்ல செல்போன் போதும். அகலக் கோணம் இருந்தால் நல்லது, பின்னால் போக இடம் இருக்காது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்துகள் பலவும் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு லாத்தாவை (அக்காவை) பார்க்க, பிள்ளையைக் கூப்பிட என்று போய்வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைப் படச்சட்டத்துக்குள் வைத்து எடுக்காதீர்கள், திறந்த வாசல் வழியாக உள்ளே எடுக்கவே எடுக்காதீர்கள். யாராவது வந்தால் கேமராவை இறக்கி ஒதுங்கி நின்றால் போதும். அந்த ஒரு செயலைப் பார்த்துத்தான் ஊர் உங்களை நம்பும். நம்பிய பிறகு "எங்க வீட்டுக் கதவைப் பாத்தீங்களா?" என்று அவர்களே கூப்பிடுவதும் உண்டு. அப்படிக் கூப்பிட்டு எடுத்த கதவின் படத்துக்கும் திருட்டுத்தனமாக எடுத்ததற்கும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். முதலாவதில் கதவு முழுதாகத் திறந்திருக்கும்.

மதியம் கடற்கரைப் பக்கம் போகலாம், கடையில் தொதல் கிடைத்தால் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுவது. வெளியூரில் கிடைக்கும் தொதலை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேவிபட்டினம் நவபாஷாணத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்பது அபூர்வக் காட்சிதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள். படமெடுக்க என்று தனியாகப் போக வேண்டிய இடமாக அதை நான் சொல்ல மாட்டேன். ஏர்வாடி தர்கா கீழக்கரைக்கு அப்பால் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நோயும் வேண்டுதலுமாக வருகிறவர்களின் இடம், கேமரா வேண்டாம். திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதர் கோயில் கீழக்கரை போகும் வழியிலேயே வருகிறது. நேரமிருந்தால் குளத்தையும் கோபுரத்தையும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரு நாள் மட்டும் இருந்தால் என் யோசனை இது. காலை ஏழரைக்குள் கீழக்கரை. பதினொன்றரை வரை தெருக்களும் பள்ளிவாசலும். நண்பகல் தொழுகையான லுஹரின் பாங்குக்கு முன்னாலேயே கிளம்பிச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் ராமலிங்க விலாசம், மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. காலைத் தரை வெளிச்சம் கிடைக்காது என்பது இதில் ஒரு இழப்பு. கீழக்கரை வெளிச்சத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் முடிவு. ஓவியங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் வரிசையை மாற்றி, அரண்மனை திறந்தவுடன் அங்கே போய்விட்டுக் கீழக்கரைக்கு மாலை நேரத் தொழுகையான அஸர் முடிந்த பிறகு வாருங்கள். செலவும் குறைவு. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, தனி வண்டி தேவையில்லை.

இரண்டாவது நாள் கிடைத்தால் பாம்பனும் ராமேஸ்வரமும். முந்தின இரவே ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் கிழக்குக் கோபுரம், அப்புறம் பிராகாரம், வெயில் இறங்கியதும் பாம்பன் கரை. தனுஷ்கோடியை நடுவில் சேர்ப்பதானால் காலை ஒன்பதுக்குள் போய்த் திரும்பிவிடுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். சோழகம் என்கிற தெற்குக் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மணலும் பறக்கும். பாம்பனையும் தனுஷ்கோடியையும் அப்போது தவிர்த்துவிடலாம், கீழக்கரைச் சந்துகளுக்கு அது பெரிய தொந்தரவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் வந்தால் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். எப்போது வந்தாலும் லென்ஸ் துடைக்கத் துணி இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாமலேயே படிந்துவிடும். ட்ரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, எல்லைக் கடல் பக்கத்தில், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்கு வரும்.

கீழக்கரை எல்லோருக்கும் பொருந்தாது. வயதான அம்மா அப்பாவோடு வருகிறீர்கள், அவர்கள் ராமநாதசுவாமியைத் தரிசிக்கத்தான் வருகிறார்கள் என்றால் ராமேஸ்வரமே போங்கள். அவர்கள் தீர்த்தமாடி முடிக்கும் நேரத்தில் நீங்கள் கோபுரத்தை எடுக்கலாம். தெரியாதவர்களிடம் பேசக் கூச்சப்படுகிறவராக இருந்தால் பாம்பன் நல்லது, இரும்பிடம் அனுமதி கேட்க வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் வருவதானால் கீழக்கரையில் பகல் முழுக்க ஊர் அடங்கியிருக்கும், சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்காது. அந்த மாதம் அரண்மனையைக் காலையில் வைத்துக்கொண்டு, கீழக்கரைக்கு நோன்பு திறந்த பிறகு போங்கள், ஊர்க்காரர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்துவிட்டு.